தெருவே நகர்கிறது என்று சொன்ன மருமகன்

என் மருமகன் அரசாங்கத்தில் நிலம் அளக்கிறவர். தெருவில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். கொத்தனார்கள் தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டை வைத்திருப்பார்களே, நடுவில் கண்ணாடிக் குழலும் அதற்குள் ஒரு நீர்க்குமிழியும் இருக்குமே, அதில் சின்னதாக ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். மற்றவர்கள் பேனா செருகுகிற இடத்தில் அவர் குமிழி வைத்திருந்தார். பேனா கேட்டால் ஆபீசில் இருக்கிறது என்பார். தங்கமான மனிதர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் செய்த காரியத்தைக் கேட்ட பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள்.

என் மகளைக் கட்டிக்கொடுக்கச் சொல்லிக் கேட்க அவர் முதல்முதலாக வீட்டுக்கு வந்த அன்று, எல்லாரும் அவர் என் மகளைப் பார்ப்பார் என்று காத்திருந்தோம். அவர் சுவரில் தொங்கிய என் மாமியார் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் கோணலாக இருக்கிறதோ என்று என் வீட்டுக்காரர் பதறி எழுந்தார். இவர் அவரை உட்காரச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, குமிழியை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார். அப்புறம் கதவு நிலையில் வைத்தார். கொஞ்சம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். படம் நேராகத்தான் இருக்கிறதாம், நிலைதான் கோணலாம், நிலை வைத்த தச்சர் சரியில்லையாம். என் மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் அவரை நேரான மனுஷி என்று யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையிலேயே என் வீட்டுக்காரர் குளிர்ந்துபோய், பெண்ணைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் எங்களோடுதான் இருந்தார். எங்கள் வீடு ஒல்லியான மூன்று மாடி வீடு. என் வீட்டுக்காரரின் தாத்தா கட்டியது. இப்போது என் பேரில் இருக்கிறது. கீழே கூடமும் சமையலறையும், மேலே படுக்கிற அறைகள், உச்சியில் மொட்டைமாடி. பழைய வீடு, அதற்குரிய குணங்களெல்லாம் உண்டு. சமையலறையில் வெங்காயம் கைதவறி விழுந்தால் தேட வேண்டியதில்லை. நேரே பின்சுவரோரம் போய் எடுத்துக்கொள்ளலாம். பாலை அடுப்பில் வைத்தால் பின்பக்கம் முதலில் பொங்கும். கதவைத் திறந்து விட்டால் அதுவே போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். எனக்கு இதெல்லாம் வசதியாகத்தான் இருந்தது.

மருமகனுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றாக அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தார். தரை சரிவா, தரை போட்ட கொத்தனார் சரியில்லை. கட்டில் சரிவா, கட்டில் செய்தவன் கால்களைச் சமமாக வெட்டவில்லை. பரணில் டப்பா உருள்கிறதா, பரண் அடித்தவன் குடித்துவிட்டு அடித்திருக்கிறான். குளியலறைத் தண்ணீர் மட்டும் ஒரு சொட்டு தேங்காமல் பின்பக்கம் ஓடிப்போகும். அதைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டிலேயே பிளம்பர் ஒருவர்தான் வேலை தெரிந்தவர் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ரம்பத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கட்டில், மேஜை, நாற்காலி எல்லாவற்றிலும் தெருப்பக்கத்துக் கால்களை ஒரு விரற்கடை அறுத்து, குமிழி நடுவுக்கு வந்ததும் எழுந்து நின்று பார்த்துப் பூரித்துப்போவார். எந்தப் பொருளும் அதன் இடத்தைவிட்டு நகரக்கூடாது, திருப்பிப் போடக்கூடாது. மகள் ஒருநாள் பெருக்குவதற்காக நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டாள். அதில் உட்கார்ந்த என் வீட்டுக்காரர் போய்ச் சுவரில் முட்டினார். மகளுக்குத்தான் திட்டு விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆபீசிலிருந்து அவருக்குப் பெரிய வேலை வந்தது. எங்கள் பகுதியில் எல்லாமே பழைய கட்டடங்கள். அவற்றின் மூலைமுடுக்கு ஒவ்வொன்றையும் அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றி வரைபடமாக்க வேண்டும். மறுபடி மறுபடி அளந்து, எந்தக் கட்டடமாவது இடம் பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் பழைய கட்டடப் பராமரிப்புப் பிரிவு எதைச் செப்பனிடுவது, எதைக் காலி செய்யச் சொல்வது என்று முடிவு செய்யும். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த வரைபடம் எனக்கே புரிந்தது. அசையாத கட்டடம் பச்சை, அசைந்த கட்டடம் சிவப்பு. அவ்வளவுதான்.

அளப்பதற்கு முதலில் அசையாத புள்ளி ஒன்று வேண்டுமாம். செயற்கைக்கோளைப் பார்த்து இடம் சொல்லும் கருவி ஒன்று இருக்கிறது. எங்கள் தெரு குறுகல். கீழே நின்று அண்ணாந்தால் ஒரு வேட்டி அகலம்தான் வானம் தெரியும், கருவிக்கு அது போதவில்லை. உயரமான மாடி வேண்டும். தெருவிலேயே உயரம் எங்கள் வீடுதான். ஒருநாள் காலையில் மொட்டைமாடியில் துளைபோட்டு ஒரு பித்தளை ஆணியை இறக்கினார். சுற்றிச் சிவப்புச் சாயத்தில் வட்டம் போட்டார். அதற்குத் தாய்ப்புள்ளி என்று பெயர் வைத்தார். அந்தச் செயற்கைக்கோள் கருவி பல ஆபீசுகளுக்குப் பொதுவானது. ஒரு தடவை வந்து ஆணியின் இடத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. பிறகு எது அளந்தாலும் தாய்ப்புள்ளியிலிருந்துதான். ஆணியின் மேல் முக்காலியை நிறுத்தி, அதன்மேல் டோட்டல் ஸ்டேஷன் என்று தூரம் அளக்கிற ஒரு கருவியை வைத்து, எதிர்வரிசை வீட்டுச் சுவர்களில் ஒட்டியிருக்கும் மினுங்கும் தாள்களைக் குறிபார்ப்பார்.

அன்றிலிருந்து மொட்டைமாடியில் நாங்கள் துணி காயப்போட்டதெல்லாம் ஒரு ஓரத்தில். வட்டத்துக்குள் காக்கை உட்கார்ந்தால்கூட இவர் ஓடிப்போய் ஆணி அசைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். ஒருமுறை நான் தெரியாமல் போர்வையை அங்கே விரித்துவிட்டேன். மரியாதையாக, மிகவும் மரியாதையாக, அத்தை, இது அரசாங்கத்தின் இடம் என்றார். என் மாடியில் அரசாங்கத்துக்கு ஏது இடம் என்று கேட்டேன். ஒரு ஆணி அளவு இடம் என்றார். ஒரு ஆணி அளவு இடத்துக்கு இவ்வளவு பெரிய வட்டமா என்றேன். போர்வையை நான் எடுக்கவில்லை. மகள் வந்து எடுத்தாள்.

முதல் தடவை அளந்தார், எல்லாம் பச்சை. மழைக்காலம் முடிந்து இரண்டாம் தடவை அளந்தார். மாடியிலிருந்து இறங்கி வந்தவர் முகம் வெளுத்திருந்தது. சாப்பிட உட்கார்ந்தவர் சாப்பிடவில்லை. எதிர்வரிசை வீடுகள் அத்தனையும் எங்களைவிட்டுக் கொஞ்சம் விலகிப் போயிருக்கின்றன என்றார். எவ்வளவு என்று கேட்டால் ஒரு பருப்பின் கனம் காட்டினார். மூன்றாம் தடவை அளந்தபோது இரண்டு பருப்பு. எல்லா வீடும் ஒரே பக்கம், ஒரே அளவு. தூரத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று தூண்மேல் நிற்கிறது. அதுவும் அதே பக்கம், அதே அளவு நகர்ந்திருந்தது. கூட வேலை பார்ப்பவர் சிரித்துவிட்டு, தண்ணித் தொட்டியுமா என்று கேட்டிருக்கிறார். அதுவும்தான் என்று இவர் சொல்லியிருக்கிறார், கண்ணில் தண்ணீர் வராத குறையாக.

வேறு யாராவது இருந்தால், ஊரே ஒன்றாகக் கிளம்பிப் போகுமா, நம்மிடம் ஏதோ கோளாறு என்று யோசித்திருப்பார்கள். இவர் அளக்கிறவர் ஆயிற்றே. அசையாத புள்ளி என்று ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதைச் சந்தேகப்படுவது அவருக்குப் பெற்ற தாயைச் சந்தேகப்படுகிற மாதிரி. பூமிக்கடியில் களிமண் படலம் ஒன்று வழுக்குகிறது, அதன்மேல் தெருவே தட்டில் வைத்த பாத்திரங்கள் மாதிரிப் போய்க்கொண்டிருக்கிறது, எங்கள் வீட்டுக்கு அடியில் மட்டும் பாறை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஆபீஸும் ஆகா என்று ஏற்றுக்கொண்டது. பெரிய கூட்டம் போட்டார்கள். திரையில் தெரு முழுக்கச் சிவப்பாகவும் எங்கள் வீடு மட்டும் நடுவில் பச்சையாகவும் காட்டினார்கள். கைதட்டினார்களாம்.

என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடைக்குப் போய், எங்க தாத்தா கட்டிய வீடு என்று ஆரம்பித்தால் டீ ஆறி ஏடு கட்டிவிடும். போகிறவர் வருகிறவர் எல்லாரும் எங்கள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் சிவப்புக்கு ஒரு பலன் உண்டு இல்லையா? நேர் எதிர்வீடு டைலரம்மாவுடையது. முன்னால் தையல்கடை, பின்னால் குடியிருப்பு. கணவர் போனபின் இரண்டு மிஷினை வைத்து அந்த அம்மா தனியாளாக நிமிர்ந்து நின்றவள். இருக்கிற கட்டடங்களில் அதுதான் பழையது, அதனால் முதல் நோட்டீஸ் அதற்கு. கட்டடம் நகர்கிறது, இன்ஜினியர் வந்து நேரில் பார்ப்பார், பார்த்து உறுதி செய்தால் கடையும் வீடும் உடனே காலி செய்ய வேண்டும். அந்த அம்மாவுக்கு வேறு இடம் கிடையாது. இடம் மாறினால் வாடிக்கை போய்விடும். வாடிக்கை போனால் மிஷினை விற்க வேண்டியதுதான்.

டைலரம்மா நோட்டீசோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. மருமகனைப் பார்த்துக் கேட்டாள்:

"தம்பி, என் வீடு போகுதுன்னு எழுதியிருக்கு. எங்க போகுது?"

"கிழக்கால போகுதுக்கா. கொஞ்சம் கொஞ்சமா."

"நான் தினமும் வாசல் தெளிக்கிறேன். வாசல் அங்கேயேதான இருக்கு?"

"வாசலும் சேர்ந்துதான் போகுது."

"அப்ப நானு?"

"நீங்களும்தான்க்கா."

டைலரம்மா தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு, இத்தனை வருஷமாக ஓர் இடத்துக்கும் போகாமல் இருந்ததற்கு இப்படியாவது போகிறேனே என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். வாசல் தாண்டியதும் அழுதாள் என்று மகள் சொன்னாள். மருமகன் அன்றும் சாப்பிடவில்லை. ஆனால் வரைபடத்தில் நிறம் மாறவில்லை.

இன்ஜினியர் வருகிற நாளும் வந்தது. பராமரிப்புப் பிரிவு இன்ஜினியரும் ஒரு அம்மாதான். வெயிலில் தலைக்குக் கவசத்தோடு, வியர்க்க விறுவிறுக்க வந்து டைலர் கடையில் நுழைந்தார். அங்கே வாடிக்கைக்காரர் உட்காரும் ஸ்டூல்தான் உண்டு. அதன்மேல் துணி மலை. பெரிய அதிகாரியை நிற்க வைப்பதா என்று என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் கூடத்தில் இருந்த கைவைத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். மருமகனே தூக்கிக்கொண்டு போனார். தெருப்பக்கம் பார்த்துப் போட்டு, உட்காருங்க மேடம் என்றார்.

இன்ஜினியரம்மா உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே முன்னால் வழுக்கிக்கொண்டு வந்தார். பின்னால் தள்ளி உட்கார்ந்தார், மறுபடி வந்தார். மடியில் வைத்த கோப்பு முந்திக்கொண்டு இறங்கித் தரையில் விழுந்தது. அவர் காலை ஊன்றிக்கொண்டு, சரிவு நல்லாத் தெரியுதே, உட்காரவே முடியலையே என்றார். என் மருமகன் வருத்தத்தோடு தலையாட்டினார். டைலரம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த அம்மா சாதாரண ஆளா? ஸ்டூலில் இருந்த துணியைச் சரித்துத் தள்ளிவிட்டு, மேடம், இதுல ஒக்காருங்க என்றாள். இன்ஜினியரம்மா அதில் உட்கார்ந்தார். ஆடாமல் அசையாமல் அடித்து வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். நாற்காலிதான் கோணல் என்றாள் டைலரம்மா. அது மட்டும் நடக்காது என்றார் மருமகன், அந்த நாற்காலியை அவரே குமிழி வைத்து அறுத்தாராம், உலகத்தில் எது கோணலானாலும் அது கோணலாகாதாம். ஸ்டூல்தான் கோணல், கோணல் ஸ்டூலும் கோணல் தரையும் சேர்ந்து நேராகிவிட்டது என்றார்.

இன்ஜினியரம்மா பொறுமைசாலி. நாற்காலி இருந்த இடத்திலேயே போட்டுக் காட்டுங்கள் என்றார். நாற்காலி முன்னே போக, அதன் பின்னால் ஸ்டூல் போக, பின்னால் இன்ஜினியரம்மா, டைலரம்மா, என் வீட்டுக்காரர், அதற்குப் பின்னால் தெருவில் வேலை இல்லாதவர் அத்தனை பேருமாக எங்கள் வீட்டுக்கு ஊர்வலம் வந்தது. கூடத்தில் நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டார்கள். இன்ஜினியரம்மா உட்கார்ந்தார். ஜம்மென்று இருந்தார். மருமகன் கூட்டத்தைப் பார்த்து, சொன்னேனே என்கிற மாதிரிக் கையை விரித்தார். பிறகு பக்கத்தில் ஸ்டூலைப் போட்டார்கள். அதில் டைலரம்மா உட்கார்ந்தாள். உட்கார்ந்து கையை எடுத்ததுதான் தாமதம், மெதுவாகப் பின்பக்கம் சாய ஆரம்பித்தாள். சாய்ந்து சாய்ந்து, சுவரோரம் நின்ற என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

என் வீட்டுக்காரர் மட்டும், ஸ்டூல் சரியில்லை என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

என் மருமகன் நாற்காலியைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். அறுத்த கால்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் தெருப்பக்கத்துக் கால்கள். தச்சர், கொத்தனார், பரண் அடித்தவர் என்று இத்தனை வருஷம் திட்டு வாங்கிய அத்தனை பேரும் அந்த நேரத்தில் அவர் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றிருக்க வேண்டும்.

இன்ஜினியரம்மா எழுந்து நின்று சொன்னார்:

"நாற்காலிய வச்சு நான் ரிப்போர்ட் எழுத முடியாது சார். உங்க மேப் என்ன சொல்லுதோ அதுதான் எனக்கு. அது சரின்னா இந்தம்மா காலி பண்ணியே ஆகணும். தப்புன்னா அதை நீங்கதான் சொல்லணும். நான் டீ குடிச்சிட்டு வரேன்."

மருமகன் மொட்டைமாடிக்கு ஏறிப் போனார். பின்னாலேயே என் வீட்டுக்காரர் ஏறினார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னிடமும் அதையே சொல்லிவிட்டுத்தான் ஏறினார். டைலருக்கு எங்கே போனாலும் தையல்தானே, நமக்கு இதைவிட்டால் போக்கிடம் ஏது, ஆணி ஒன்றும் பேசப்போவதில்லை, நீங்களும் பேசாதீர்கள் என்று. எனக்கும் மனசுக்குள் அதே பிடிவாதம்தான். வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதலாக நான் குடியிருக்கிற வீடு, அது நகர்ந்தால் எனக்குத் தெரியாமலா நகரும்? ஆனாலும் மனசு கேட்காமல் நானும் மூச்சு வாங்க ஏறிப் போனேன்.

மருமகன் வட்டத்துக்கு நடுவில், ஆணிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். யாரும் மிதிக்கக்கூடாது என்று சொன்ன இடத்தில் அவரே செருப்போடு.

"அத்தை, நாம நிக்கிறோம், ஊரு போகுதுன்னு நெனச்சேன்," என்றார். "ஊரு நின்னுக்கிட்டுத்தான் இருக்கு. நாமதான் போய்க்கிட்டிருக்கோம்."

என் வீட்டுக்காரர், போனால் போகட்டும் மாப்பிள்ளை, மெதுவாகத்தானே போகிறோம் என்றார்.

இவர் எழுந்தார். முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். தெருமுனையில் தரையோடு தரையாக ஒரு பாறை துருத்திக்கொண்டிருக்கும். ரோடு போடுகிறவர்கள்கூட அதை உடைக்க முடியாமல் சுற்றித்தான் ரோடு போட்டிருந்தார்கள். அதன்மேல் முக்காலியை நிறுத்தினார். தெரு மொத்தமும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, எதிர்வரிசை வீடுகளை ஒவ்வொன்றாக அளந்தார். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் இருந்த தூரம் பழைய வரைபடத்தில் இருந்தபடியே இருந்தது. தண்ணீர்த் தொட்டியும் அப்படியே இருந்தது. கடைசியாகக் கருவியை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பினார். எங்கள் வீடு அவர்கள் எல்லாரையும்விட்டுப் பின்னால் சாய்ந்திருந்தது. இரண்டு பருப்பு.

அத்தனை பேர் முன்னாலும் இன்ஜினியரம்மாவிடம் சொன்னார்: "மேப் தப்பு மேடம். தெரு எங்கயும் போகல. எங்க வீடுதான் போகுது. நான்தான் ஆணிய தப்பான எடத்துல நட்டேன்."

டைலரம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரித்த ஆளை நான் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பொறுக்காதது. எங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டுமாம். அதை வீட்டுக்கு உரியவர் கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்க வேண்டுமாம். அந்தப் பகுதிக்குக் கொடுக்கிற ஆள் இவர்தானாம். காலையில் எங்களோடு சாப்பிட்டுவிட்டு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஆபீசுக்குப் போய் நோட்டீசை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். சாவி பையில் இருந்தும் வெளியே நின்று மணியடித்தார். நான்தான் கதவைத் திறந்தேன்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை. வெளிய நின்னா நல்லாவா இருக்கு?"

"ஆபீஸ் வேலையா வந்திருக்கேன் அத்தை. உள்ள வரக்கூடாது."

"டீ குடிக்கலாமா?"

யோசித்தார். "டீ குடிக்கலாம்," என்றார்.

வாசலில் நின்றுகொண்டே டீ குடித்தார். குடித்து முடித்து டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு நோட்டீசை வாசித்துக் காட்டினார். இன்னார் பேரில் உள்ள கட்டடம் அபாயகரமாகச் சாய்ந்திருக்கிறபடியால், செப்பனிட்டு முடியும்வரை அதில் குடியிருப்போர் அனைவரும் வெளியேற வேண்டும். குடியிருப்போர் யார் யார் என்று பெயர் இருந்தது. கடைசிப் பெயர் அவருடையது. அதையும் விடாமல் வாசித்தார். என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, நான் குளிக்கிறேன், என்னிடம் யாரும் எதுவும் கொடுக்க முடியாது என்று கத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் விழும் சத்தமே இல்லை.

நான் கட்டைவிரலை மடக்கிக்கொண்டேன். என் வீட்டு மாப்பிள்ளையே என்னை வெளியே போகச் சொல்கிறார், இதற்கா பெண்ணைக் கொடுத்தேன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டாயிற்று. அப்புறம் இன்னொன்றும் கேட்டேன்.

"இந்தத் தடவையாவது சரியா அளந்தீங்களா மாப்பிள்ளை?"

"சரின்னுதான் நினைக்கிறேன் அத்தை. ஆனா போன தடவையும் சரின்னுதான் நெனச்சேன். அதனால ஆபீஸ்ல வேற ஆள விட்டு ரெண்டு தடவ அளக்கச் சொன்னேன். அவங்களுக்கும் அதேதான் வந்துச்சு."

ஒருத்தர் தன்மேல் இருந்த நம்பிக்கையை இந்த அளவுக்குச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கும்போது நான் என்ன செய்ய? மையைக் கொண்டுவாருங்கள் என்றேன். விரலைப் பிடித்து அவர்தான் பதித்தார்.

ஆட்கள் வந்து வீட்டுக்குப் பின்னால் தோண்டினார்கள். குளியலறைக் குழாய் மண்ணுக்கடியில் உடைந்து கிடந்தது. தேங்காமல் ஓடிப்போன தண்ணீரெல்லாம் நேரே பின்மூலை அஸ்திவாரத்துக்குக் கீழே போய் மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பிளம்பர் ஒருவர்தான் வேலை தெரிந்தவர் என்று மருமகன் சொன்னதை இன்ஜினியரம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, அடியில் பெரிய பெரிய ஜாக்கிகளை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, புதிதாக அடித்தளம் போட வேண்டும் என்றார்கள். அரசாங்கம் செய்து கொடுக்கும், ஆனால் அவசரப்படக்கூடாது என்றார்கள். மருமகனை வேலையைவிட்டு எடுத்துவிடுவார்கள் என்று மகள் பயந்தாள். ஆனால் கைதட்டியவர்கள் எல்லாருமே பெரிய அதிகாரிகள். அதனால் யாரும் எதையும் பெரிதாக்கவில்லை. அறிக்கையில் தெரு என்று இருந்த இடத்திலெல்லாம் வீடு என்று மாற்றி, அதே படங்களோடு மறுபடி ஒரு கூட்டம் போட்டார்களாம். அதற்கும் கைதட்டினார்களாம்.

எங்கே போவது என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தபோது டைலரம்மா தெருவைக் கடந்து வந்தாள். அவள் வருகிறதைப் பார்த்ததும் என் மருமகன் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். அவள் என்னிடம்தான் பேசினாள்.

"பெரியம்மா, பின்னறை சும்மாதான் கெடக்கு. வந்து இருங்க. உங்க நாற்காலிய மட்டும் கொண்டுவராதீங்க, ஆள் விழுந்து வைக்கப்போறாங்க."

அப்புறம் கதவுக்குப் பின்னால் பார்த்து, "தம்பி, நீங்களும்தான் வரணும். ஆனா என் வீட்டுல ஒரு ஆணி அடிச்சீங்க, அப்புறம் தெரியும்," என்றாள்.

அன்று சாயங்காலமே போனோம். கடைவாசலில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. போட்டது போட்டபடி நின்ற துணிக்கெல்லாம் ஆள் வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெரு நகரவில்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் ஆளுக்கு ஒன்று தைக்கக் கொடுத்தார்களோ என்னவோ, அந்த அம்மாவுக்குத் தலைநிமிர நேரமில்லை.

மறுநாள் காலையில் எழுந்து நாங்கள் நடந்த நடை இருக்கிறதே! என் வீட்டுக்காரர் படுக்கையைவிட்டு எழுந்து இரண்டு எட்டு வைத்தார், மூன்றாவதில் தையல் மேஜைமேல் போய் விழுந்தார். நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு நேரே நடப்பதாக நினைத்துக்கொண்டு துணிப்பையை மிதித்தேன். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். எல்லாருக்கும் கப்பலில் ஏறின மாதிரித் தலை சுற்றியது. டைலரம்மா மிஷினை நிறுத்திவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியில், அறைக்கு நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கயிற்றின்மேல் நிற்கிறவர் மாதிரி நின்ற என் மருமகனைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லக்கா," என்றார் அவர். "தரை சரியா இருக்கு. அதான் கொஞ்சம் சிரமமா இருக்கு."